அசையாத இடது கால்

பட்டப்பெயர் வைப்பதில் மருத்துவ மாணவர்களை மிஞ்ச ஆளில்லை. எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'சீஐடி மேடம்'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் வார்ட்டுக்குள் நுழையும்போது சட்டென்று நிற்கும் கதையின் வால் பலமுறை காதில் விழுந்திருக்கிறது. கோபம் வந்ததில்லை. பொலிசில் சேராத குறையை வார்ட்டில் தீர்த்துக்கொள்கிறேன் என்று என் கணவரே சொல்லுவார்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற என்னைத் தேடி, எனக்குப் பின் அந்தச் சிறுவர் வார்ட்டுக்கு வந்த இளம் டொக்டர் ஒருத்தி போன மாதம் வந்தாள். கையில் போன். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கிறதா என்று கணக்குப் பார்க்க அதில் ஒரு செயலி இருக்கிறதாம். காய்ச்சல் உண்டா, பிள்ளை காலை ஊன்றுகிறதா, இரத்தத்தில் இது எவ்வளவு, அது எவ்வளவு என்று கேட்கும். பதிலைத் தட்டினால் புள்ளி போட்டுச் சொல்லும். "இதெல்லாம் இல்லாமல் நீங்க எப்பிடி மேடம் சந்தேகப்பட்டீங்க?" என்று கேட்டாள். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செயலி ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நோயின் கதையை உனக்குச் சொன்னது யார், சொன்னவருக்கு என்ன பயம்? அவளுக்கு அன்று வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டிய தொண்ணூறில் எங்கள் குடும்பம் மன்னாரை விட்டு உடுத்த உடுப்போடு வெளியேறியபோது நான் மருத்துவ பீடத்தில் இருந்தேன். விடுமுறைக்குப் போக வீடு இருக்கவில்லை. கற்பிட்டிப் பக்கத்து முகாமின் ஓலைக் கொட்டில்தான் இருந்தது. பட்டம் எடுத்தேன், ஊர் ஊராக வேலை செய்தேன், சண்டை முடிந்த காலத்தில் இந்தக் கரையோர மாவட்டத்தின் ஆஸ்பத்திரி ஒன்றில் நிலைத்தேன். வெளி ஆஸ்பத்திரியிலும் வேலை பழகட்டும் என்று பீடத்திலிருந்து மாணவர்களை அங்கே அனுப்புவார்கள். அவர்களுக்குச் சீழ் மூட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்தது.

பாடம் சின்னது. மூட்டு ஒரு மூடிய பை. அதற்குள் கிருமி போய்ச் சீழ் பிடித்தால், எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பை அது தின்றுவிடும். தின்றது திரும்ப முளைக்காது. ஆகவே ஒற்றை மூட்டு சூடாகி, வீங்கி, அசைய மறுத்தால், வேறு ஏதோ என்று நிரூபிக்கும்வரை அது சீழ்தான். ஊசியால் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். உறிஞ்சியதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு மருந்தைத் தொடங்க வேண்டும். ஆள் மோசமாக இருந்தாலொழிய மருந்தை முந்திக் கொடுக்கக் கூடாது; கொடுத்தால் கிருமி பதுங்கிக்கொள்ளும், பிறகு எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரியாமல் இருட்டில் தடவ வேண்டும். சீழைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இவ்வளவுதான். மாணவர்கள் அரை மணியில் எழுதி முடித்துவிடுவார்கள். பிறகு கட்டிலருகே போய் நின்று, வாய் பிளந்து, கண்ணெதிரே இருப்பதைத் தவறவிடுவார்கள்.

இதை எனக்கு உண்மையாகக் கற்றுத் தந்தவர் எங்கள் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர். பெரிய சேர் என்போம். சிலாபம் பக்கத்துச் சிங்களவர். மீன் சந்தையில் பழகிய தமிழ் பேசுவார், இலக்கணம் கிடையாது, பிழையான ஒரு சொல்லும் கிடையாது. வேறு டொக்டர் எழுதி அனுப்பிய நோயின் பெயரை அவர் முன் வாசிக்கக் கூடாது. "மத்தவன் சப்பின வெத்தில எனக்கு எதுக்கு?" என்பார். ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டில் ஓரத்தில் போட்டு உட்காருவார். நோகாத காலைத்தான் முதலில் தொடுவார். நோகிற காலை எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. ஊசி போடுமுன் சுற்றி நிற்கிற மாணவர்கள் ஒவ்வொருவரும் உள்ளே என்ன வரும் என்று வாய் திறந்து சொல்லியாக வேண்டும். "இப்ப சொல்லு. பொறகு சொன்னா எல்லாரும் சாஸ்திரக்காரன்."

ஒருமுறை ஆலங்குடாவிலிருந்து ஒரு மீனவர் வீங்கிய முழங்காலோடு பெரிய சேரின் வார்ட்டுக்கு வந்தார். அவருக்கு யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் வியாதி பழையது. இரத்தத்திலும் அது கூடித்தான் இருந்தது. எல்லோரும் அதற்கே மருந்து கொடுக்க நின்றோம். பெரிய சேர் ஊசி போட்டார். அந்த வியாதியின் பளிங்குத் துகளும் வந்தது, சீழும் வந்தது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஒரு கள்ளன் புடிச்சா வீட்டுக்குள்ள மத்தக் கள்ளன் இல்லையா?" என்றார். அந்தக் கேள்வியை நான் பிறகு எத்தனை மாணவர்களிடம் கேட்டிருப்பேனோ தெரியாது.

இனி அந்தக் குழந்தையின் கதைக்கு வருகிறேன்.

கனமூலைப் பக்கத்து வியாபாரக் குடும்பம் ஒன்று. மருமகள் ரிஸ்னாவுக்குத் தலைப்பிள்ளை, பெண். பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாள் கழியும்வரை தாயும் பிள்ளையும் வாசல் தாண்டுவதில்லை. நாற்பது கழியாத பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றாலே அந்த வீட்டில் பயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். வருமுன் எண்ணெய் தடவி, பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டு, ஓதிப் பார்த்து, எல்லாம் ஆகியிருந்தது.

அப்போது என்னிடம் இருந்த மாணவர்களில் கெட்டிக்காரன் கஜன், யாழ்ப்பாணத்துப் பையன். நோயாளியிடம் கதை கேட்டு அழகாக ஒப்புவிப்பான். அன்றும் ஒப்புவித்தான்.

"மேடம், குழந்தையைக் குளிப்பாட்டுறதுக்கு ஒரு அம்மா வீட்டுக்கு வாறவ. எண்ணெய் பூசி, கையையும் காலையும் மாறி மாறி இழுத்து விடுறவவாம். முந்தநாள் இடது காலை இழுக்கேக்க பிள்ளை வீரிட்டு அழுதிருக்கு. அதுக்குப் பிறகு அந்தக் காலை அசைக்கேல்ல. காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயில முறிவும் இல்லை. சவ்வு இழுபட்டிருக்கும் எண்டு நினைக்கிறன். கட்டுப் போட்டால் சரியாகும்."

கதை கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

குளிப்பாட்டிய பெண்ணையும் குடும்பத்தார் கூட்டி வந்திருந்தார்கள். கூட்டி வந்தார்கள் என்பதைவிட இழுத்து வந்தார்கள் என்பது சரி. ஹாஜரா ராத்தா என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பெண் வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் தலை குனிந்து இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். எங்களைப் போலத் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்து, வந்த இடத்திலேயே தங்கிவிட்டவள். அந்தப் பகுதியில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் அவள்தான் போவாள், அதுதான் பிழைப்பு. ரிஸ்னாவின் மாமியார் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"டொக்டர், இந்தப் பொம்புளதான் புள்ளட கால முறிச்சது. பொம்புளப் புள்ள, டொக்டர்! நாளைக்கு நொண்டி நடந்தா யாரு வந்து கேப்பான்? பொலிசுக்குச் சொல்லுங்க." பிறகு வாங்குப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்க, "சண்டையும் முடிஞ்சி போச்சி, ஊருக்குப் போகவும் மாட்டாங்க, இங்க இரிந்து எங்கட புள்ளகள நாசமாக்குறாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் அந்த 'ஊருக்குப் போகாத' கூட்டம்தானே. ஆனால் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு சுருக்கென்றதையெல்லாம் காட்ட முடியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹாஜராவை நானும் சந்தேகப்பட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை. பேசத் தெரியாத பிள்ளைக்கு அடிபட்டிருக்கலாம் என்றால், மன்னார் என்ன மக்கா என்ன, எல்லோரையும் சந்தேகப்படத்தான் வேண்டும். அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான்தான் டொக்டர்," என்றாள், நான் கேட்டு முடிக்குமுன். "எப்பவும் போலத்தான் இழுத்தன். ஆனா புள்ள கத்தின சத்தம் இஞ்ச நிக்குது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "என்ட கையாலதான் நடந்திருக்கும். என்ன தண்டனையெண்டாலும் தரட்டும்."

குற்றத்தை மறுப்பவரை நான் பாதி நம்புவேன். இவ்வளவு லேசாக ஏற்றுக்கொள்பவரைக் கால்வாசிகூட நம்பமாட்டேன். கட்டிலுக்குப் போனேன். பிள்ளையின் துணியை முழுதாகக் களையச் சொன்னேன். வலது கால் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது. இடது கால் இடுப்பில் மடங்கி, வெளிப்பக்கம் சாய்ந்து, அப்படியே கிடந்தது. அடிபட்ட தடமில்லை, நகக்கீறல் இல்லை. தொடையின் மேற்பகுதி மற்றதைவிடச் சற்றுத் தடித்திருந்தது. இடது பாதத்தின் மேல் ஒரு சின்னப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு.

"இது என்ன?" என்று ரிஸ்னாவைக் கேட்டேன்.

"பொறந்த உடனே புள்ளக்கி மூச்சு வாங்குதெண்டு இங்கதான் வெச்சிருந்தாங்க டொக்டர். அப்ப மருந்து ஏத்தப் போட்ட ஊசி," என்றாள்.

அத்தோடு என் சந்தேகம் வாசலில் இருந்த வாங்கை விட்டு எங்கள் வார்ட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. பிள்ளையின் கிளினிக் அட்டையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மாமியாரை அட்டை கொடுக்கும் கருமபீடத்துக்கு அனுப்பினேன். அட்டை என் கோட்டுப் பைக்குள் இருந்தது. அவர் போனதும் கேட்டேன்.

"ரிஸ்னா, புள்ள காலசைக்கல்ல எண்டு நீங்க முதல்ல கண்டது எப்ப? மத்தவங்க கண்டத நான் கேக்கல்ல."

அவள் அழத் தொடங்கினாள். "குளிப்பாட்ட முந்தி, டொக்டர். விடியக் காலத்தால பால் குடுக்கக்குள்ளயே அந்தக் கால் சும்மா கெடந்திச்சி. துணி மாத்தக்குள்ளயும் அழுதிச்சி. நான் ராவு நித்திரையில புள்ளக்கி மேல பொரண்டுட்டேனோ எண்டு பயந்துட்டன். மாமிக்குத் தெரிஞ்சா என்னய வீட்டுல வெக்க மாட்டாங்க. அல்லாவுக்காக இதச் சொல்லிப்போடாதீங்க."

ஒருத்தி தன் கையைச் சந்தேகப்படுகிறாள், இன்னொருத்தி தன் உறக்கத்தைச் சந்தேகப்படுகிறாள். கிருமியைச் சந்தேகப்பட அங்கே ஒருவரும் இல்லை. காய்ச்சல் இல்லையே என்று கஜன் மீண்டும் சொன்னான். "தம்பி, பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமலே சீழ் பிடிக்கும்," என்றேன். "பால் சரியாகக் குடிக்குதா எண்டு கேட்டீரா?" கேட்கவில்லை. பிள்ளை பால் குறைத்திருந்தது.

பெரிய சேர் வந்தார். வழக்கம்போல ஸ்டூலை இழுத்தார். வலது காலைத் தொட்டார், வலது கையை, இடது கையை. பிள்ளை சும்மா இருந்தது. கடைசியில் இடது தொடையின் கீழே விரலை வைத்து அரைக்கால் விரல்கடை திருப்பினார். பிள்ளை வீரிட்டது. கையை எடுத்துவிட்டார்.

"தியேட்டர்," என்றார். "ரத்தம் எடு, அனுப்பு. மருந்து ஊசி கையில வச்சிக்க. நான் சொன்னாப் பொறகு குடு."

தியேட்டரில் மயக்கம் கொடுத்த பிறகு மாணவர்களைப் பார்த்தார். கஜன், "சேர், தெளிஞ்ச தண்ணி. இல்லாட்டி ரத்தம்," என்றான். நான், "சீழ்," என்றேன். சொல்லும்போதே, பிழையாகிப்போனால் ஹாஜராவின் கதி என்ன என்ற எண்ணம் வந்தது. ஊசி இடுப்பு மூட்டுக்குள் போனது. பெரிய சேர் மெதுவாக இழுத்தார். கஞ்சி போலக் கலங்கி, மஞ்சளாக வந்தது. அவர் அதைச் சோதனைக் குப்பிக்குள் விட்டு என்னிடம் தந்தார். "இப்ப மருந்து," என்றார். மூட்டைத் திறந்து, வருகிற தண்ணீர் தெளியும்வரை கழுவினார். குருத்தெலும்பு தப்பியிருந்தது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தப்பியிராது.

வெளியே வந்ததும் குடும்பத்தாரிடம் அவர் பேசிய பேச்சை நான் மறக்கமாட்டேன். நிபுணர்கள் வழக்கமாக இந்த இடத்தில் 'இரத்தத்தின் வழியே கிருமி' என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்கள். அது பொய்யுமில்லை. இவர் நின்றார்.

"மூட்டுக்குள்ள கிருமி. கால் இழுத்து இது வராது. பேபிக்கு இங்க ஊசி போட்டது, அந்த எடத்தால போயிருக்கும் எண்டு நான் நினைக்கிறது. நிச்சயம் சொல்ல ஏலாது. ஆனா அந்த அம்மாட கை இல்ல. அது நிச்சயம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இனிப் பிரச்சினை முடிந்தது என்றும் நினைத்தேன். மாமியார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்காரங்க தங்கட பிழைய தாங்களே சொல்லுவாங்களா? இதுக்குள்ள என்னமோ இரிக்கி," என்றார். பிறகு, மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கத்தான்: "இந்த டொக்டரும் மன்னார்தானே."

வாழ்க்கை முழுதும் மற்றவர்களைச் சந்தேகப்பட்டுப் பிழைத்தவள் நான். அன்று என்னைச் சந்தேகப்பட்டபோது எப்படி வலித்தது! ரிஸ்னா பக்கத்தில்தான் நின்றாள். ஒரு சொல் சொன்னால் போதும். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லியிருக்கலாம், ஆனால் பிள்ளையின் தாய் நம்பிச் சொன்னதைச் சந்தியில் வைக்க எனக்கு உரிமையில்லை.

அன்று பின்னேரம் கஜன் வந்து நின்றான். "மேடம், கதை அவ்வளவு வடிவாப் பொருந்திச்சே?"

"பொருந்தினதாலதான் தம்பி. நோவு காலில இருந்துது, கதை சொன்னவையின்ட பயம் வேற இடத்தில இருந்துது. நீர் பயத்துக்குக் கட்டுப் போடப் பார்த்தீர்."

ஆய்வுகூட முடிவும் வந்தது. தோலில் சாதாரணமாக வாழும் கிருமிதான். வார்ட்டில் ஊசி பார்க்கிற முறையை அதன் பிறகு மாற்றினோம். ஊசி ஏற்றிய இடத்தை நேர்ஸ் மட்டுமல்ல, மாணவனும் ஒவ்வொரு நாளும் ஒட்டுத்துணி நீக்கிப் பார்க்க வேண்டும் என்று பெரிய சேர் கட்டளை போட்டார். பிள்ளை சில வாரம் வார்ட்டில் இருந்து மருந்து முடித்துக்கொண்டு போனது.

ஆனால் ஹாஜராவை அதன் பிறகு ஒரு வீட்டிலும் குளிப்பாட்டக் கூப்பிடவில்லை. கால் முறித்தவள் என்ற பெயர் முன்னே போய் ஒவ்வொரு வாசலிலும் நின்றது. அவள் கற்பிட்டிப் பக்கம் வெங்காயப் பாத்தியில் கூலி வேலைக்குப் போனாள். பிரஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரிக்கு வரும்போது நடையில் காண்பேன். உங்கள் கையால் வந்ததல்ல என்று மறித்து வைத்துச் சொன்னேன், ஒரு தடவையல்ல. அவள் சிரிப்பாள். "நீங்களும் நம்மட ஊர். என்ட மனசு நோகுமெண்டு சொல்றீங்க," என்பாள். அவளும் என்னை நம்பவில்லை!

ரிஸ்னா பிள்ளையைத் தவறாமல் கிளினிக்குக் கொண்டுவந்தாள். மாமியாரும் கூட வருவார். நான் ரிஸ்னாவின் முகத்தைப் பார்ப்பேன். அவள் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்வாள்.

ஒரு வருடத்துக்கு மேலாகியிருக்கும். பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. கிளினிக் நடையில் அதை நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்த்தோம். இரண்டு இடுப்பும் ஒரே மட்டம், நொண்டல் இல்லை. பெரிய சேர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். பிள்ளை நிற்கவில்லை. நடையின் கடைசி மட்டும் தத்தித் தத்திப் போய், குளிசைக்கு வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஹாஜரா.

அவள் பிள்ளையை அடையாளம் கண்டுவிட்டாள். இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். பிள்ளை தடுமாறியது, அப்போதும் கையை நீட்டவில்லை. "வந்து தூக்குங்களன்," என்று எங்களைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

ரிஸ்னா போனாள். பிள்ளையைத் தூக்கவில்லை. மாமியாரும் பக்கத்தில் நிற்க, வரிசையில் இருந்த சனமெல்லாம் பார்க்க, சொன்னாள்.

"ராத்தா, அண்டைக்கி நீங்க குளிப்பாட்ட வர முந்தியே புள்ள அந்தக் கால அசைக்கல்ல. நான் கண்டன். பயத்துல சொல்லல்ல."

மாமியார் "என்னா?" என்றார்.

ஹாஜரா ரிஸ்னாவை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலும் நியாயம்தான்.

"இவ்வளவு காலமும், மகள்," என்றாள், "சோறு பிசையக்குள்ளயும் இந்தக் கையப் பாத்துப் பாத்துத்தான் திண்டன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாணவர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

அவள் தலைப்பை அவிழ்த்துக் கைகளை வெளியே எடுத்தாள். குனிந்து பிள்ளையைத் தூக்கி மடியில் இருத்தினாள். இடது காலை இடுப்பிலிருந்து குதிவரைக்கும் மெல்லத் தடவிக்கொண்டு வந்தாள். மாமியாரின் கை தன்பாட்டில் பிள்ளையைப் பறிக்க முன்னே வந்தது. ஹாஜரா அதைப் பார்த்தாள். பிள்ளையை அவள் கொடுக்கவில்லை.